காலி நாள்

விடியும் முன்பே தூசி தூவத் தொடங்கினோம்.

பிச்சைமுத்து அண்ணன் கோணிச் சாக்கைச் சாய்த்துப் பிடித்தார். நான் உமித் தூசியை அள்ளிச் சல்லடையில் போட்டுத் தரையெங்கும் சலித்தேன். அம்மா குனிந்தபடி பின்னோக்கி நடந்து, எங்கள் காலடித் தடங்களைக் கந்தல் துணியால் விசிறிக் கலைத்துக்கொண்டே வந்தார். ஒரு வாரமாக யாரும் தரையைப் பெருக்கவில்லை. பெருக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அப்படியும் மனிதர் படுத்து எழுந்த இடங்கள் பளபளப்பாகத் தெரிந்தன. அங்கெல்லாம் இரண்டு முறை சலிக்க வேண்டியிருந்தது.

வெளியே பிச்சைமுத்து அண்ணனின் பழைய பேப்பர் வாங்கும் லாரியில் பாய்களும் சட்டிகளும் துணி மூட்டைகளும் ஏறிக்கொண்டிருந்தன. புஷ்பவள்ளி அக்கா இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் அம்மிக்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

"பாத்துப் போ, புஷ்பம். மூலையில சிலந்தி வலை இருக்கு, அத அறுத்துடாத," என்றார் பிச்சைமுத்து அண்ணன். "அதுதான்லா நம்ம வாடகைச் சீட்டு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும்.

சுங்கை பினாங் ஆற்றோரத்தில் எங்கள் ஆட்கள் வேலை பார்த்த அரிசி ஆலை 1983இல் மூடப்பட்டது. எங்கள் பதின்மூன்று குடும்பங்களுக்கும் நட்ட ஈடு தர முதலாளி ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு மனம் இல்லை. அதற்குப் பதிலாகப் பின்கட்டு உமிக் கிடங்கில் குடியிருந்துகொள்ளச் சொன்னார். வாடகை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. காலிக் கட்டடத்துக்கு நகராண்மைக் கழகம் வரியைக் குறைக்கும். அதைச் சரிபார்க்க ஜனவரியிலும் ஜூலையிலும் ஓர் அதிகாரி வருவார். அந்த ஒரு நாள் மட்டும் அங்கே யாரும் வசிக்காதது போல் இருக்க வேண்டும். அடையாள அட்டையிலும் ஆலையின் விலாசம் வரக் கூடாது. எங்கள் எல்லாருடைய அட்டையிலும் சூலியா தெரு சீனி முகம்மது மளிகைக் கடையின் விலாசம் இருந்தது. எங்களுக்கு வரும் கடிதங்களில் மிளகாய் வாசம் வீசும்.

அந்த நாளைக் காலி நாள் என்றோம். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பிடிபடவில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

1995 ஜனவரியின் அந்தக் காலி நாளில் அதிகாரி ரம்லி பத்து மணிக்கு வந்தார். எதிர்ச்சாரிக் கடைகளின் முன்னால், ஐந்தடிப் பாதையில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் போல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது எங்கள் பூனை அவர் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. பூனையை மட்டும் எங்களால் எப்போதும் பிடிக்க முடிவதில்லை. காலிக் கட்டடத்துப் பூனைக்கு இத்தனை தொப்பை ஏது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வழக்கமாக அவர் போய்விடுவார். அன்று கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்.

மலாயில் இருந்த அதை நான்தான் எல்லாருக்கும் படித்துச் சொன்னேன். பயன்படாமல் கிடக்கும் பழைய ஆலைக் கட்டடங்களுக்குப் புதிய மண்டல விதி வந்திருக்கிறது. இந்த இடத்தைத் தொழில் மண்டலத்திலிருந்து வணிக மண்டலமாக மாற்றி ஹோட்டல் கட்ட உரிமையாளர் விண்ணப்பித்திருக்கிறார். முன்சுவரும் புகைபோக்கியும் வரலாற்றுச் சிறப்பு உள்ளவை, அவற்றைத் தொடக் கூடாது. பின்கட்டு இடிக்கப்படும். மறுப்பு இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுத வேண்டும்.

"சுவத்துக்கு வரலாறு இருக்காமா?" என்றார் புஷ்பவள்ளி அக்கா.

"ஆமாக்கா."

"நமக்கு?"

நான் தாளை இன்னொரு முறை பார்த்தேன். அதில் எங்களைப் பற்றி எதுவும் இல்லை.

மறுநாள் நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. பின்னால் நின்ற மூன்று பேரை முன்னே விட்ட பிறகுதான் முகப்பு மேசைக்குப் போனேன். அங்கே இருந்த சித்தி ஆயிஷா என்ற பெண் பொறுமையாக விதியை விளக்கினார். ஆலை பத்து ஆண்டு காலியாகக் கிடந்திருந்தால் அனுமதி எளிது. அங்கே மக்கள் வசித்தால், அருகிலேயே அவர்களுக்கு மாற்று வீடு காட்டிய பிறகுதான் எதையும் இடிக்க முடியும்.

எனக்கு மூச்சு வந்தது. அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். இருபத்துநான்கு சோதனைகள். இருபத்துநான்கு தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே சொல், காலி.

"இங்கே யாரும் இல்லையே, அடிக். நீ யாருக்காகக் கேட்கிறாய்?" என்றார் மலாயில், வீட்டில் இளையவரிடம் பேசுவது போல.

 அந்தத் தேதிகளில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1991 ஜூலை 16.

அப்பா ஆரோக்கியநாதன் இருபது ஆண்டுகள் ஆலையில் உமி ஊதும் இயந்திரத்தின் அருகே நின்றவர். அந்தத் தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. விடியற்காலையில் வெந்நீர் ஆவி பிடித்தால்தான் மூச்சு சீராகும். அந்த ஆண்டு நான் ஆறாம் படிவத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அணைத்த பிறகும் செங்கல் அடுப்பு பல மணி நேரம் சூட்டை வைத்திருக்கும், அதிகாரி கை வைத்தால் தெரிந்துவிடும், ஆகவே முதல் நாள் சாயங்காலமே எல்லா அடுப்புகளையும் அணைத்துத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் பாராட்டினார்கள். "படிச்ச பிள்ளைலா," என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார்.

மறுநாள் விடியலில் அவருக்கு ஆவி இல்லை. மழை பெய்தது. பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி நான்கு மணிக்கு வந்தார். அப்பா இரண்டு மணிக்கு ஐந்தடிப் பாதையில், துணி மூட்டையில் சாய்ந்தபடி, இறந்துபோனார். அம்மா சத்தம் போடவில்லை. கூட்டம் கூடிவிடும், அதிகாரி கேட்பார். தூங்குகிறவருக்குப் போர்த்துவது போல் முகம்வரை துணியை இழுத்துவிட்டு, அதிகாரியின் ஜீப் வந்து திரும்பும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் சாலையோரம் என்று இருக்கிறது.

நான் பிறகு பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கினேன். செங்கல்லின் வெப்பத்தைப் பற்றி எந்தத் தேர்விலும் கேட்கவில்லை.

கோப்பில் இருந்ததை வந்து முற்றத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பிச்சைமுத்து அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "நம்ம காலடிய நாமளே அழிச்சோம். அதோட நம்மளையும் அழிச்சிட்டோம்லா."

எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மறுப்புக் கடிதம் கொடுத்தோம். நான்காம் நாள் முதலாளியின் காடி முற்றத்துக்குள் வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா காரிலிருந்து இறங்கி, வெள்ளைக் காற்சட்டையில் தூசி படாமல் நின்றுகொண்டார்.

"ஹோட்டல் அனுமதிக்குச் செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை. வழக்கம் போலச் செஞ்சிடுங்கோ. அதுக்குப் பிறகு ஒரு மாசம் டைம் தாறன்."

"அதுக்கப்புறம் எங்கைய்யா போறது?" என்றார் அம்மா.

"சிம்பாங் அம்பாட் பக்கம் எவ்வளவோ வீடு கட்டுறாங்க."

"யாருக்குக் கட்டுறாங்க?" என்று புஷ்பவள்ளி அக்கா கேட்டார்.

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. "மறுப்பு எழுதினீங்களாமே. எழுத நீங்க யாரு? பேப்பர்ல இங்க ஒரு ஈ காக்காகூட இல்ல."

"பூனை இருக்குங்கைய்யா," என்றார் பிச்சைமுத்து அண்ணன். "இத்தன வருஷத்துல அது ஒண்ணுதான் பொய் சொல்லல."

யாரோ சிரித்தார்கள். முதலாளியின் குரல் உயர்ந்தது.

"பொய் சொன்னது யாரு? நானா தூசி தூவினன்? அதிகாரிய ஏமாத்தினது நீங்க. நான் போலிசுக்குப் போனா உள்ள போறதும் நீங்கதான்."

சிரிப்பு நின்றது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா முன்னால் வந்தார். ஆலையில் அரிசி புடைத்த காலத்திலிருந்து அவர் முதலாளி எதிரில் தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"ஆமாங்கைய்யா. நாங்கதான் தூவினோம். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறோம்."

"ரீத்தா, யோசிச்சுப் பேசுங்கோ."

"எம்புருஷன் அஞ்சடியில செத்துக் கெடந்தாரு. ரெண்டு மணி நேரம் அவரு தூங்குறாருன்னு பக்கத்துல உக்காந்திருந்தேன். எதுக்கு? உங்க கட்டடம் காலியா இருக்கணுமேன்னு. இனி என்னால முடியாதுங்க."

"உங்களுக்குத் தங்க இடம் குடுத்தவன் நான்."

"குடுத்தீங்க. ஆள எடுத்துக்கிட்டுக் குடுத்தீங்க."

 முதலாளி காடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு பயம் வந்தது. இரண்டு குடும்பங்கள் செவ்வாய்க்கிழமை மட்டும் தாசேக் கெலுகோரில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார்கள். போலிஸ் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. எல்லாருக்கும் அதே கேள்விதான்.

"நாலு அடுப்பு எரிஞ்சா, நாலு பேரு நேத்து வந்து குந்திக்கிட்டாங்கன்னு சொல்லிடுவாங்க," என்றார் புஷ்பவள்ளி அக்கா. "பதிமூணும் எரியணும். எரிஞ்சாத்தான் நாம இருக்கோம்."

அந்த இரண்டு குடும்பத்தாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் எங்கள் அடுப்பை நான்தான் மூட்டினேன். இரண்டு தீக்குச்சிகள் வீணாயின. மூன்றாவதில் உமி பற்றியது. அப்பா ஆவி பிடிக்கும் பானையை அம்மா கழுவி அடுப்பில் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பானை முனகத் தொடங்கியபோது வெளியே எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. எண்ணினேன். பதினொன்று. அம்மாவும் என் பின்னால் வந்து நின்றார். சற்று நேரம் கழித்துக் கடைசி இரண்டு கதவுகளின் மேலும் மெல்லிய புகை தெரிந்தது.

எட்டரை மணிக்கே அதிகாரி ரம்லி வந்துவிட்டார். எதிரே, ஐந்தடிப் பாதையின் ஓரம் முதலாளியின் காடி நின்றது. எங்கள் வாசலில் அதிகாரி நின்றார். பானையைப் பார்த்தார். கொடியில் உலர்ந்த சட்டைகளைப் பார்த்தார். பிறகு அடுப்புச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இது காலி இல்லையே," என்றார் மலாயில்.

"என்றைக்குமே காலியாக இருந்ததில்லை, என்சிக் ரம்லி," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"இன்றைக்குப் பார்த்ததை எழுதுவேன். முடிவு மேலே இருப்பவர்களுடையது. பழைய இருபத்துநான்குக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்."

"சொல்கிறோம்."

அவர் பூனையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு படிவத்தை எடுத்தார். வசிப்பவர்களின் பெயர்கள் வேண்டும் என்றார்.

"மொதல்ல ஆரோக்கியநாதன்னு எழுதச் சொல்லு," என்றார் அம்மா.

அவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். நான் சொன்னேன். தேதியையும் சொன்னேன். அவர் பேனா நின்றது. அன்று மழையில் தாமதமாக வந்தது அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். இறந்தவர்களுக்கு இதில் கட்டம் இல்லை என்றார், தாழ்ந்த குரலில்.

"ஓரத்துல எழுதட்டும்," என்றார் அம்மா.

அவர் படிவத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து விளக்குமாற்றை எடுத்து, அதிகாரியின் காலடியிலிருந்து வாசல்வரை தரையைப் பெருக்கினார். அடுத்த வீட்டிலும் பெருக்கும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும்.

பெயர் கொடுக்க வெளியே வரிசை நின்றது. முன்னால் நின்ற புஷ்பவள்ளி அக்கா, தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.