சறுக்குக் கட்டைமேல் ஒரு கோழிக்கூடு

டெல்ஃபின் லபோ இடுப்பை உடைத்துக்கொண்டது அக்டோபரில், முதல் பனி விழுந்த மறுநாள். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். எழுபத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் இரும்பு வைத்துத் தைத்தார்கள். மகள் மார்சி அரிசோனாவிலிருந்து பறந்து வந்து, குளிர்காலம் முடிகிற வரைக்கும் என்று சொல்லி அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போனாள்.

அந்த 'வரைக்கும்' எதுவரைக்கும் என்று பக்கத்து வீட்டு ஆர்டிஸுக்குச் சந்தேகம். வேலி இல்லாத இரண்டு கொல்லைகளில் நாற்பது வருஷம் சேர்ந்து துணி உலர்த்தியவர்கள் அவளும் டெல்ஃபினும். சந்தேகம் சரிதான் என்று முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே தெரிந்துபோயிற்று.

"வீட்ட வித்துடலாங்கறா, ஆர்டிஸ். 'அங்க உனக்கு என்னம்மா இருக்கு'ன்னு கேக்கறா. என் கோழிங்க இருக்குடீன்னேன். அதுங்களையும் யாராவது குழம்பு வெச்சுட்டா, அப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு ஊருக்கு வர்றது?"

"ஒருத்தரும் குழம்பு வைக்க மாட்டாங்க. ஆறும் இங்கயே இருக்கும். பனி போனதும் வந்து எண்ணிக்கோ," என்றாள் ஆர்டிஸ்.

வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். டெல்ஃபினின் பழைய கோழிக்கூடு, பனிப் பாரத்தில் கூரை குழிந்து, முழங்கால் மடங்கிய கிழமாடு மாதிரிச் சாய்ந்து கிடந்தது.

ஆர்டிஸின் புருஷன் ரெய்னோ தச்சன். அந்த ஏரிக்கரை ஊரில், சவுனா என்னும் ஆவிக்குளியல் மர அறைகளில் பாதி அவன் கட்டியது. சனிக்கிழமையானால் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி, எழும்புகிற ஆவியில் வெந்து, வெளியே வந்து பனியில் நிற்கிற ஜனங்கள் அவர்கள். ரெய்னோ அடித்த பலகைகளுக்கு நடுவே ஊசி நுழையாது என்பது ஊர்ப்பேச்சு.

முதலில் கடையில் விற்கிற கூட்டைத்தான் போய்ப் பார்த்தார்கள். பச்சைக் கூரை, குட்டி ஜன்னல், வாசலில் ஒரு பூந்தொட்டி மாட்ட ஆணி. விலை, ரெய்னோவின் ஒரு மாதப் பென்ஷன். அவன் விரல் முட்டியால் சுவரைத் தட்டினான்.

"இது கோழிக்கூடு இல்ல. பிஸ்கட் டப்பா. ஜனவரிக் காத்து ஒரு ஊது ஊதினா கனடாவுல போய் விழும்."

"அப்ப நீ கட்டு."

"கோழிக்கா? நான் மனுசனுக்குக் கட்டினவன்."

"மனுசன் ஒரு மணி நேரம் உக்காந்துட்டு எழுந்து போயிடுறான். கோழி ராத்திரி பூரா உக்காரணும். அதுக்குக் கட்டத் தெரியாதுன்னா சொல்லிடு, வெஸ் கங்காஸக் கேட்டுக்கறேன்."

வெஸ் கங்காஸ் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அவன் கட்டிய படகுக் கொட்டகை எந்தப் பக்கம் சாயும் என்று ஊரில் பந்தயம் உண்டு. ரெய்னோ நேரே தன் கொட்டகைக்குப் போனான்.

இடித்துப் போட்ட பழைய சவுனாவின் பலகைகள் கொட்டகையில் இருந்தன. யாரோ வேண்டாமென்று தெருவில் வைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்று கிடைத்தது. புது ஃப்ரிட்ஜ் வந்த வீட்டில் கேட்டு வாங்கிய தெர்மோகோல் சுவருக்குள் போயிற்று. கோழி உட்காரும் கட்டையை மட்டும் ஆர்டிஸ் தானே பார்த்து, தட்டையான பக்கம் மேலே வரும்படி வைக்கச் சொன்னாள். உருண்டைக் கொம்பில் விரல் வெளியே நீட்டிக்கொள்ளும். தட்டையில் உட்கார்ந்தால் கோழி தன் வயிற்றுச் சிறகாலேயே விரலை மூடிக்கொள்ளும். அடியில், உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்க இழுத்துப் போகும் குடிசைகளுக்கு வைப்பதுபோல, இரண்டு சறுக்குக் கட்டைகளைப் பொருத்தினான் ரெய்னோ.

"கோழியும் மீன் பிடிக்கப் போகுதா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"வசந்தத்துல அவ கொல்லைக்கு எப்படிப் போகும், உன் தலைமேலயா?"

ஒரு வாரத்தில் ஆர்டிஸின் கொல்லையிலேயே கூடு முடிந்தது. ரெய்னோ உள்ளே ஒரு மெழுகுவத்தி ஏற்றிக் கட்டைமேல் வைத்தான். வெளியே ஊளைக்காற்று. சுடர் ஆடவே இல்லை. கூரையோரம் தூக்கிப் பிடித்தான். அங்கேயும் ஆடவில்லை.

"பாத்தியா?" என்றான். புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது அவன் முகம்.

ஆறு கோழிகளும் புதுக் கூட்டுக்கு வந்தன. டிசம்பர் நல்லபடியாகப் போயிற்று. ஜனவரி இரண்டாம் வாரம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்துக்கு இறங்கியது. காலையில் வெந்நீர்க் கிண்ணத்தோடு கூட்டுக் கதவைத் திறந்த ஆர்டிஸுக்கு எச்ச நெடியில் கண் எரிந்தது. ஜன்னலின் உள்பக்கம் விரல் தடிமனுக்கு உறைபனி. கூரையிலிருந்து ஈரம் சொட்டிச் சொட்டி மரச்சீவல் எல்லாம் சொதசொதப்பு. கோழிகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நின்றன. டெல்ஃபினின் செல்லமான வெள்ளைக் கோழி ஜோசஃபினுக்குப் பெரிய கொண்டை. அதன் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. மூன்றாம் நாள் கறுத்தன.

"குளிர் எப்படி உள்ள வந்துச்சு? ஒரு ஓட்டை இல்லையே!" ரெய்னோ சுவரெல்லாம் தடவினான். "சூடு விளக்கு ஒண்ணு மாட்டிடறேன்."

"சல்மி வீட்டுக் கொட்டகை எதனால எரிஞ்சுது? அந்த விளக்காலதான். வேண்டவே வேண்டாம்."

"அப்ப விறைச்சுச் சாகட்டுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபின், "எம் பொண்ணுங்க எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கு" என்றாள். நாற்பது வருஷத்தில் டெல்ஃபினிடம் அவள் சொன்ன முதல் பொய். வீட்டை விற்க மார்சி தரகரிடம் பேசிவிட்டாளாம். ஃபோனை வைத்த பின்பும் ஆர்டிஸின் கை அதன்மேலேயே இருந்தது. ஏலக்காய் ரொட்டி சுட்டாள், சாப்பிடவில்லை.

சனிக்கிழமை வந்தது. எது நின்றாலும் சவுனா நிற்காது. இருவரும் உள்ளே உட்கார்ந்து வெந்தார்கள். ரெய்னோ கடைசி. இடுப்பில் துண்டோடு வெளியே வருகிறவன், பார்க்காமலேயே கையை மேலே நீட்டிக் கூரையோரத்துச் சிறு பலகையைச் சர்ரென்று தள்ளித் திறந்தான். எந்த வீட்டிலும் கடைசியாக வருகிறவர் செய்கிற வேலை அது; குழந்தைக்கும் கைப்பழக்கம்.

ஆர்டிஸ் அந்தக் கையையே பார்த்தாள்.

"அதை எதுக்குத் திறக்கறே?"

"என்ன கேள்வி இது? ஆவி போக வேணாமா? மூடி வெச்சா மரம் ஊறி, ரெண்டு வருசத்துல..." ரெய்னோவின் வாய் பாதியில் நின்றது.

"ஆறு கோழி ராத்திரி பூரா மூச்சு விடுது, ரெய்னோ," என்றாள் ஆர்டிஸ் மெதுவாக. "அந்த ஆவி எங்க போகும்?"

ஆயுசெல்லாம் ஆவியோடு வாழ்ந்தவன், கோழிக்கும் மூச்சு உண்டு என்பதை மறந்திருக்கிறான்! பூட்ஸை மாட்டினான், துண்டுமேலேயே கம்பளிக்கோட்டைப் போட்டான், ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தான். உடம்பெல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது. தெருவில் பனி தள்ளிக்கொண்டிருந்த வெஸ் கங்காஸ் வண்டியையே நிறுத்திவிட்டான்.

"ரெய்னோ! கால்சட்டை எங்கப்பா, கோழி தின்னுடுச்சா?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா!"

கூரை விளிம்புக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு நீளத் திறப்புகள் வெட்டினான். மரநாய் நுழையாமல் கம்பி வலை. பனி விழாமல் மேலே ஒரு சாய்பலகை. ஆர்டிஸ் ஈரச் சீவலையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டுப் புதுச் சீவலை முழங்கால் ஆழத்துக்குப் போட்டாள். பிறகு மெழுகுவத்தியை அவளே ஏற்றினாள். கோழி உட்காரும் உயரத்தில் சுடர் நிமிர்ந்து நின்றது. கூரையோரம் தூக்கினாள், தலை சாய்த்து ஆடியது.

"இப்ப சரி," என்றான் ரெய்னோ. பல் கிட்டிப்போய்ச் சொல் பாதிதான் வந்தது.

மறுநாள் காலையில் கூட்டுக்குள் வெளிக்குளிருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் கண்ணாடி தெளிவாக இருந்தது. சீவல் கையில் மொரமொரத்தது. ஆறு கோழிகளும் உப்பி, பூசணிக்காய் வரிசை மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வெந்நீர்க் கிண்ணத்தைப் பார்த்ததும் ஆறும் குதித்து இறங்கின. ஆர்டிஸ் அங்கேயே, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகைதான்.

அன்று ஞாயிறு. ஃபோனில் அவளே முந்திக்கொண்டாள். "டெல்ஃபின், போன வாரம் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஜோசஃபின் கொண்டை நுனி போச்சு. எங்க தப்புதான். இனி ஆகாது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, முதலில் மெல்ல, அப்புறம் இருமல் வரும்வரை.

"எனக்கு இடுப்பு போச்சு, அவளுக்குக் கொண்டை போச்சு. ரெண்டு பேரும் உசுரோடதானே இருக்கோம்? அவகிட்டச் சொல்லு, நான் கோலை விட்டுட்டு நடக்கறேன்னு."

மார்ச்சில் பகல் நீண்டது. பகலில் இளகிய பனி இரவில் இறுகி, மேலே தட்டுப்போல் கெட்டியாயிற்று. டெல்ஃபின் வருகிற தேதி என்று ஒன்றும் இல்லை. மார்சி இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு காலையில் ரெய்னோ பனிமேல் ஓடும் தன் மோட்டார் வண்டியோடு கூட்டைக் கயிற்றால் பிணைத்தான்.

"அவ வர்றான்னு யாரு சொன்னாங்க?"

"பனி கரைஞ்சா கட்டை சறுக்காது. அவ வர்றப்ப கூடு அங்க இருக்கணுமா வேணாமா?"

கூடு அசைந்து, முனகி, சறுக்கிக்கொண்டு இரண்டு கொல்லைகளையும் கடந்தது. ஜன்னலில் மொட்டைக் கொண்டையோடு ஜோசஃபின், தேரில் போகிற ராணியாட்டம் நின்றாள். டெல்ஃபின் விழுந்த வாசற்படிக்கு ரெய்னோ முந்தின வாரமே இருபக்கமும் கைப்பிடி அடித்திருந்தான்.

ஆர்டிஸ் அங்கேயே நின்று ஃபோன் போட்டாள். அவள் பேச வாயெடுப்பதற்குள், கூட்டுக்குள்ளிருந்து ஊரைக் கூட்டுகிற கொக்கரிப்பு ஒன்று கிளம்பியது.

"ஏய், அது ஜோசஃபின்!" என்று கத்தினாள் டெல்ஃபின். "முட்டை போட்டிருக்கா! எங்கிருந்துடீ பேசறே?"

"உன் கொல்லையில நின்னுக்கிட்டு. ஆறும் இங்கதான் இருக்கு. படிக்குக் கைப்பிடியும் இருக்கு."

கோழி கொக்கரித்துக்கொண்டே இருந்தது. பிறகு, தூரத்தில் யாரையோ கூப்பிடும் டெல்ஃபினின் குரல்.

"மார்சி! இங்க வா. அங்க என்ன இருக்குன்னு கேட்டியே, இந்தா, நீயே காதுல வெச்சுக் கேளு. கேட்டுட்டு எனக்கு டிக்கெட் போடு."