வெள்ளிக்கிழமைப் பசை

சூடாமணி வெதுவெதுப்பான பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வருஷமாகச் செய்கிற காரியம்தான். ஆனாலும் நல்ல பால் கட்டி கட்டியாகத் திரிவதைப் பார்க்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. வாசலில் பசுவைக் கறந்து முடித்த தேவானை குரல் கொடுத்தாள்.

"இன்னாம்மா, சாமி கட்டற ஏரோப்ளேனு தெனம் பால் குடிக்குதாமே? அப்ப என் கன்னுக்குட்டி இன்னாத்த குடிக்கும்?"

"இன்னியோட சரி தேவானை. நாளைலேர்ந்து பழைய அளவே போறும்."

"ஏன், பறந்துகினு பூடுமா?"

சூடாமணி சிரித்து வைத்தாள்.

மயிலாப்பூரில் சங்கீதப் பைத்தியம் உண்டு, சீட்டாட்டப் பைத்தியம் உண்டு, கோர்ட்டுப் படியேறாவிட்டால் சோறு இறங்காத வியாஜ்யப் பைத்தியமும் உண்டு. விமானப் பைத்தியம் அவள் அகமுடையான் ஸ்ரீனிவாசராகவன் ஒருவர்தான். கோட்டையில் குமாஸ்தா. சைக்கிளிலிருந்து இறங்கவே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிற மனுஷர். சீமையிலிருந்து கப்பல் தபாலில் ஒரு வரைபடக் கட்டு வந்தது. அதைக் கூடத்தில் விரித்து, பறக்காமலிருக்கப் படியையும் ஆழாக்கையும் மூலைக்கு மூலை பாரம் வைத்தார். அன்றைக்குப் போன கூடம் வீட்டாருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. விமானத்தின் உடம்பு கூடத்தில், இறக்கை முற்றத்தில், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் நெல் வைக்கிற அறையில். துறைமுகத்திலிருந்து தேயிலைப் பெட்டிப் பலகைகள் வண்டியில் வந்து இறங்கியபோது, காப்பி குடிக்கிற வீட்டில் இதென்ன துரோகம் என்று தெரு ஒரு வாரம் பேசியது.

முற்றத்தைக் கடக்க சூடாமணி இறக்கைக்கு அடியில் குனிந்து போக வேண்டும். சமையலறையிலிருந்து கிணற்றுக்கு ஒரு குனிவு, கிணற்றிலிருந்து சமையலறைக்கு ஒரு குனிவு. கோயிலைத் தவிர வேறு எங்கும் போகாதவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வேலி.

பசை விஷயம் இப்படி வந்தது. தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரப் பசை மாட்டுத்தோல் சமாசாரம்; மாமியார் அதைக் கொல்லைப்புறம்கூட அண்டவிடமாட்டாள். "பால்லயே பண்ணலாம்னு வரைபடத்துல போட்டிருக்கான்" என்றார் ராகவன். திரிந்த பாலைப் பிழிந்து, சுண்ணாம்பு சேர்த்து அம்மியில் அரைத்தால், மரம் உடைந்தாலும் மூட்டு விடாது. மழையில் ஊறினாலும் விடாது. அன்றன்றைக்கு அரைத்தது அன்றன்றைக்கே கல்லாகிவிடும். மாமியார் யோசித்து உத்தரவு கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஆத்துல பாலைத் திரிக்கப்படாது. சொல்லிட்டேன்."

சூடாமணி அதை அவரிடம் சொன்னாள். "விமானத்துக்கு ஏதுடி வெள்ளிக்கிழமை? ஆபீஸ்லேர்ந்து வரச்சே தயாரா இருக்கட்டும்" என்று சைக்கிள் ஏறிவிட்டார். அம்மாவிடம் பேச அவருக்கும் பயம். அதை மட்டும் தெருவே அறியும். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றவள், அந்த வெள்ளிக்கிழமை பச்சரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிச் சுண்ணாம்பு கலந்து வைத்தாள். பார்வைக்கு அதே வெள்ளை. பட்டம் ஒட்டத் தாராளமாகப் போதும்.

மறுநாள் சொல்லிவிடத்தான் இருந்தாள். ஆனால் அன்று பார்த்து ஆபீஸ் சிநேகிதர்கள் வந்தார்கள். முன்னொரு நாள் பால் பசையில் ஒட்டிய கட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "பிரிச்சுப் பாருங்கோ ஓய்" என்றார் ராகவன். யாராலும் முடியவில்லை. "எல்லாம் இவ பசைதான்." பத்து வருஷமாக அவள் வைக்கிற சாத்தமுதுக்கு வாய் திறக்காத மனுஷர். உள்ளே நின்றிருந்த சூடாமணிக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. அப்புறம், ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னால் எல்லா வெள்ளிக்கிழமையையும் சொல்லவேண்டும் என்றாகிவிட்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இறக்கைக்குத் துணி போர்த்தித் தைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு மூட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தீபாவளி கழிந்ததும் அடையாற்று முகத்துவாரத்து மணலில் இவர் அதில் ஏறி உட்காருவார். எந்த விலாச்சட்டம் பால், எது கஞ்சி என்று சூடாமணிக்கே தெரியாது. நேற்று ராத்திரி சாதம் போடும்போது, "துணியை நாலு நாள் கழிச்சு வெச்சுக்கப்படாதா?" என்று கேட்டுப் பார்த்தாள். "ஏன், பயமா?" என்று சிரித்து மோர் கேட்டார்.

மத்தியானம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துத் தகரத்தில் முதல் சொட்டு விழுந்ததுமே உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள்:

"சூடாமணி, தார்ப்பாயைப் போர்த்தினியோ?"

"போர்த்தியாச்சும்மா."

சொல்லிக்கொண்டே, ஏற்கெனவே போர்த்தியிருந்ததை அவிழ்த்து இழுத்தாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு இறக்கையின் பக்கத்தில் போய் நின்றாள். மழை ஒரு பாட்டம் அடித்தது, ஓய்ந்தது, மறுபடி வலுத்தது. புடவை நனைந்து காலோடு ஒட்டியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதோ என்று ஒரு நப்பாசை எழுந்தது. எழுந்த நேரத்தில் காதருகே 'டிக்' என்றது. மூட்டில் ஒட்டியிருந்த ஒரு தேயிலைப் பெட்டிப் பலகைத்துண்டு தன் ஊசி ஆணிகளையும் பிடுங்கிக்கொண்டு மெதுவாக வளைந்து எழும்பியது. அடியில் வெள்ளைக் கூழ் வழிந்தது. அந்தச் சட்டத்தில் கரியால் ஒரு கோடு இழுத்தாள்.

சனிக்கிழமை அரைநாள். ராகவன் துணிச் சுருளைக் கோட்டுக்குள் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, தலையில் நீர் சொட்ட ரேழி தாண்டி வந்தவர், முற்றத்து ஓரத்தில் நின்றுவிட்டார். தார்ப்பாய் தரையில் கிடந்தது. இறக்கையில் ஆறேழு இடங்களில் கரிக்கோடு.

"என்னடி பண்றே?"

சூடாமணி கோடு போட்ட சட்டத்தின் மேல் கையை வைத்தாள். விரலெல்லாம் கரியும் கூழும்.

"இது வெள்ளிக்கிழமை" என்றாள். அடுத்ததைத் தொட்டாள். "இதுவும்."

உள்ளே மாமியார், "யாரு, ராகவனா? கட்டை நனையலியே?" என்றாள். அவர் துணிச் சுருளை இன்னும் இறுக்கிக்கொண்டார். சூடாமணி இறக்கைக்கு அடியில் குனிந்து, அந்தப் பக்கத்துச் சட்டத்தில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.