போட்டுக்கொடுத்த பஸ்

டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து பியோங்டேயும் மனைவி கும்சூனும் பந்தயம் கட்டியிருந்தார்கள். முதலில் வாய்க்கட்டை அவிழ்ப்பவர், பியோங்டேயின் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போய், குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்காக நூறு முட்டைக்கோஸுக்கு உப்புப் போட வேண்டும். முட்டைக்கோஸைச் சமாளித்துவிடலாம். அம்மாவின் வாயை மகனாலேயே சமாளிக்க முடியாது.

அன்று சாயங்காலம் சோல் நகரத்துச் சந்தை நிறுத்தத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

“வீட்லேர்ந்து நடந்தே வந்தேன். உடம்பு எறங்கணும்ல?” என்றான் அவன்.

“நான் ஆபீஸ் விட்டு சப்வே ரயில்ல நேரா வரேங்க. பசி உயிர் போகுது.”

பஸ் வந்தது. கும்சூன் பயண அட்டையைக் கட்டணக் கருவியில் தட்டினாள். கருவி ‘பிப்’ என்றதோடு அடங்கியது. பியோங்டே தட்டினான்.

“மாறிப் பயணம்!” என்று கருவிக்குள் இருந்த பெண்குரல் பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னது.

ஒரு பஸ்ஸிலிருந்தோ சப்வேயிலிருந்தோ இறங்கி அரை மணிக்குள் இன்னொன்றில் ஏறினால் தனிக் கட்டணம் கிடையாது. அதற்குத்தான் இந்தத் தண்டோரா. முந்தைய பஸ்ஸில் இறங்கும்போது தட்டாமல் விட்டிருந்தால் தப்பித்திருப்பான். கஞ்சப் புத்தி விடவில்லை. சில்லறை போட்ட காலத்தில் இந்த வம்பே இல்லை, சில்லறைக்கு வாய் கிடையாது.

“நடந்து வந்த காலுக்கு மாறிப் பயணமா?”

“மெஷின் கெட்டுப்போச்சு.”

“என் மெஷின் நல்லாத்தாங்க இருக்கு,” என்றார் டிரைவர், ரோஷத்தோடு.

“எங்க, வாயை ஊதுங்க,” என்றாள் கும்சூன்.

ஊதினான். பன்றிக்குடல் சூப் வாசனை குப்பென்று அடித்தது. கும்சூனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனை எடுத்து மாமியாருக்கு அழைப்புப் போட்டாள்.

“நீங்க மட்டும் வரீங்கன்னு அத்தைகிட்ட சொல்லிடறேன்.”

பியோங்டே பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் பொறி தட்டியது.

“ஏய், நீ சப்வேல நேரா வந்தவதானே? உனக்கு ஏன் மாறிப் பயணம் சொல்லல?”

கும்சூன் போனை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“அரை மணிக்கு மேல எங்கடி உட்கார்ந்திருந்தே?”

அவள் கட்டிப்பிடித்திருந்த பைக்கு மேல் குனிந்து மோப்பம் பிடித்தான். கோழி.

“வெறும் வறுவலா, காரம் பெரட்டினதா?”

“பாதிப் பாதி.”

“முழுசையும் தின்னுட்டியா?”

“ரெண்டு கால் மிச்சம் இருக்கு. உங்களுக்குன்னுதான் வெச்சேன், சத்தியமா.”

அவளுடைய மடியிலிருந்து யாரோ செருமினார்கள். அந்தப் பக்கம் அம்மா போனை எப்போதோ எடுத்திருந்தாள்.

“ரெண்டு பேருமே வாங்க,” என்றாள் அம்மா. “அந்தக் கால் ரெண்டையும் தொடாம கொண்டாங்க. எனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல.”