நிராகரிப்புக்கு இருநூறு சொற்கள்

“சம்பளம் வேணும்னா க்ளவுட். நிம்மதி வேணும்னா வேற ஏதாவது படி” என்று ஆர்க்கிடெக்ட் சொன்னதும் சித்தப்பா அதைப் பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டார். ‘நிம்மதி’யை எழுதி, யோசித்து, அடித்தார். பக்கத்தில் அவர் மகள். கல்லூரிக் கடைசி வருடம். எந்தப் பாதையில் போனால் காசு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆர்க்கிடெக்ட் என்றால் வீடு கட்டுகிறவர் இல்லை, கம்ப்யூட்டர் கம்பெனி கொடுத்த பதவி. வீட்டில் முதலில் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சம்பளம் ஏற ஏறக் கேலி தானாகக் கழன்று பட்டம் மட்டும் நின்றுவிட்டது.

“அண்ணா, க்ளவுட்னா உண்மையில என்ன?” என்றாள் அந்தப் பெண்.

“நல்ல கேள்வி” என்றார் ஆர்க்கிடெக்ட். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை போனது.

“அடுத்தவன் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கறதும்மா” என்று உள்ளிருந்து அவருடைய அக்காவின் குரல் வந்தது. “நம்மகிட்ட இருந்தா பழுது நம்ம தலையில. வாடகைன்னா அவன் தலையில.”

“அக்கா எதையும் கொச்சையாத்தான் சொல்வா” என்று ஆர்க்கிடெக்ட் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தப் பெண் எழுதிக்கொண்டது என்னவோ அக்கா சொன்னதைத்தான்.

ஆர்க்கிடெக்ட் தன் பாதையைத் தேர்ந்தெடுத்த கதை ரொம்பச் சின்னது. அதிகச் சம்பளம் தரும் பத்துத் துறைகள் என்று யாரோ அனுப்பிய பட்டியலில் முதலாவது எதுவோ அதற்குப் பணம் கட்டினார். பாடங்கள் வீடியோவில் வந்தன. மூன்றாவது நிமிடத்தில் அவருக்குக் கண் சொக்கும். வீடியோ பாட்டுக்கு ஓடும். அதே அறையில் படுக்கையோடு கிடந்த தங்கள் அப்பாவுக்கு, பார்த்த வேலையை விட்டுவிட்டு ஏழு வருடமாகக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டாள். கேட்டவள் பார்த்தாள், பார்த்தவள் செய்து பார்த்தாள். அப்பா போய்ச் சேர்ந்த மாதம் தம்பி பெயருக்குச் சான்றிதழ் வந்தது. வேலைக்கான வீடியோ இன்டர்வியூவில் கேமராவுக்குத் தம்பி முகத்தைக் கொடுத்தார். எதிரே, கேமராவுக்குத் தெரியாமல், அக்கா இன்னொரு கீபோர்டில் தட்டிய பதில்கள் அவர் திரையில் வரிசையாக வந்து விழுந்தன. அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆழமாக யோசிக்கிற ஆள் என்று கம்பெனிக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

ஐந்து வருடமாக அதே ஏற்பாடு. வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் அவர் பேசுவார், அக்கா தட்டுவாள். மற்றவர்களை அவர் இன்டர்வியூ செய்ய வேண்டி வந்தால் கேள்வி அக்காவுடையது, எதிர்பார்க்கும் பதில் அக்காவுடையது, முடிந்தபின் எழுதும் அறிக்கையும் அக்காவுடையது. குரல் மட்டும் ஆர்க்கிடெக்ட். நல்ல கணீர்க் குரல், அதில் குறை சொல்ல முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் அக்கா கட்டையைப் போட்டாள். இடையில் வேலை விட்ட பெண்களை மறுபடி எடுக்கும் திட்டம் ஒன்றை அதே கம்பெனி அறிவித்திருந்தது. வயது வரம்பு நாற்பத்திரண்டு. அக்காவுக்கு அதைத் தொட இரண்டு மாதம் இருந்தது.

“அப்ளிகேஷன் போட்டுட்டேன்டா” என்றாள்.

ஆர்க்கிடெக்ட் வாய்க்குக் கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்தார். “சூப்பர்க்கா” என்றார்.

அம்மாதான் பச்சையாகக் கேட்டாள்: “அவன் வேலைதானேடி உன் வேலை. வீட்டுக்குள்ள ரெண்டு சம்பளம் எதுக்கு?”

“அந்த ஒண்ணுலயும் என் பேர் இல்லையேம்மா.”

இரண்டு வாரம் கழித்து, இன்டர்வியூ செய்யும் ஆர்க்கிடெக்டுகளுக்கு ஆட்களைப் பங்கிட்ட பட்டியல் வந்தது. அவருடைய பங்கில் அக்கா இருந்தாள். ‘விண்ணப்பதாரர் உங்கள் உறவினரா?’ என்று ஒரு கட்டம். வேறு யாரிடமாவது போனால் அக்காவை ஒரே கேள்வியில் எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘இல்லை’ என்று டிக் அடித்தார். “நாளைக்கு ஒரு கேண்டிடேட் இருக்கு. கொஞ்சம் கஷ்டமாவே பத்துக் கேள்வி போட்டுக் குடுக்கா” என்றார். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கஷ்டமாகவே போட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் தன் அறையில், அவள் சமையலறை மேசையில். நடுவில் ஒரு சுவர். திரையில் தம்பியின் முகம் வந்ததும் அக்காவின் புருவம் ஒரு நொடி ஏறி இறங்கியது. மூன்றாவது சதுரத்தில் எச்.ஆர். பெண் புன்னகையோடு இருந்தாள்.

“வணக்கம் மேடம்” என்றார் ஆர்க்கிடெக்ட்.

“வணக்கம் சார்” என்றாள் அக்கா.

முதலில் அது சுவர் வழியாக வந்தது. அரை நொடி கழித்து லேப்டாப்பில். ஒவ்வொரு பதிலையும் அவர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஆறு கேள்வி வரை அவள் சொன்னதும் கையிலிருந்த தாளும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயின. நியாயம்தானே. ஏழாவது, ஒரு சர்வர் கம்ப்யூட்டர் திடீரென்று விழுந்தால், அதாவது நின்றுபோனால், என்ன செய்வது என்பது. அவள் நான்கு நிமிடம் பேசினாள். தாளில் இரண்டே வரிதான் இருந்தது.

“நான் எதிர்பார்த்த பதில் இது இல்லை மேடம்.”

“இன்னிக்குக் காலைல வரைக்கும் நானும் உங்க பதில்தான் சரின்னு நெனச்சேன் சார்” என்றாள் அக்கா. “அப்புறம் பாத்திரம் கழுவும்போது யோசிச்சேன். அந்தப் பதில்படி செஞ்சா, ஒரு சர்வர் விழுந்தா மத்ததும் தாங்காது.”

எச்.ஆர். பெண் சிரித்துவிட்டாள். ஆர்க்கிடெக்ட் ஏழாவதற்குச் சைபர் போட்டார்.

அந்தக் கம்பெனியில் தேர்வு, நிராகரிப்பு என்று டிக் அடிக்கிற வேலை இல்லை; அதெல்லாம் சின்னக் கம்பெனிகளில். இங்கே இன்டர்வியூ செய்தவர் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது இருநூறு சொல்லில் தொழில்நுட்பக் காரணங்களோடு அறிக்கை எழுத வேண்டும். குழு படித்து முடிவு செய்யும். எழுதாவிட்டால் வேறொரு ஆர்க்கிடெக்ட் மறுபடி கேள்வி கேட்பார். ஆர்க்கிடெக்ட் நாற்பது நிமிடம் எழுதினார். பதினோரு சொல் வந்தது. அதில் இரண்டு அவருடைய பதவி.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“அக்கா, இந்த ரிப்போர்ட் மட்டும் கொஞ்சம்...”

அவள் கையைத் துடைத்தாள். “எடுக்கலாம்னா, வேண்டாம்னா?”

அவர் குழாயைப் பார்த்தார். “வேண்டாம்னு.”

“ஏன்டா?”

அவர் தொழில்நுட்பக் காரணம் ஒன்று தேடிப் பார்த்தார். கடைசியில் வாயில் வந்தது உண்மைதான். “நீ போயிட்டா என் மீட்டிங்ல யாருக்கா உக்காருவா?”

இந்த முறை வேண்டாம் என்றால் மறுபடி போட ஒரு வருடம் ஆகும், அதற்குள் வயது தாண்டிவிடும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல்கள் எப்போதும்போல நிற்காமல் ஓடின. ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, ஒரு வரியை அழித்து, வேறு மாதிரி எழுதினாள். “இருநூத்துப் பதினாலு சொல் இருக்கு. படிச்சுப் பாத்து அனுப்பு” என்று எழுந்து பாத்திரத்துக்குத் திரும்பினாள்.

அவர் படித்தார். அழகான ஆங்கிலம். பாதிக்கு மேல் புரியவில்லை. ‘பலவீனம்’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது, அவளைப் பற்றியா சர்வரைப் பற்றியா என்று பிடிபடவில்லை. கடைசிப் பத்தியில் ‘நிராகரிக்கலாம்’ என்று நிச்சயமாக இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு ‘ஒருவேளை’ மாதிரி ஏதோ நின்றது. அர்த்தம் கேட்க வேறு ஆள் வீட்டில் இல்லை. திரையின் மூலையில் மிச்ச நேரம் நான்கு நிமிடம் மூன்று நிமிடமானது; அது தீர்ந்தால் அக்காவிடம் வேறொரு ஆர்க்கிடெக்ட் கேள்வி கேட்பார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தட்டை இரண்டாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேகமாக விழுந்துகொண்டிருந்தது. ஆர்க்கிடெக்டின் விரல் ‘அனுப்பு’ பொத்தானுக்கு மேல், அதைத் தொடாமல், நின்றது.