சின்னப்பொண்ணு போன வழி

நல்லவர் என்று பேர் வாங்குவதில் தியாகராசனுக்குக் கொள்ளை ஆசை. வலங்கைமான் பக்கத்து அந்த ஊரில் அந்தப் பேர் அவருக்கு இருக்கவும் செய்தது. கூலியில் கை வைக்கமாட்டார், வேலை ஆட்களை வாடா போடா என்று அதட்டமாட்டார். அவர் வாயைத் திறந்தால் மேலத்தெருவில் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பாரா என்பதை மட்டும் அதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது காலனியில் சின்னப்பொண்ணு செத்துப்போனாள். காலமெல்லாம் தியாகராசன் வயலில் நாற்று நட்டவள். விடிந்ததும் அவள் மகன் செந்தில்குமார் வந்து வாசலில் நின்றான்.

"ஐயா, அம்மாவ மேலத்தெரு வழியா எடுத்துட்டுப் போலாம்னு இருக்கோம். மழையில வரப்பெல்லாம் கரைஞ்சு கெடக்கு. நீங்க முன்னால நடந்து வந்தீங்கன்னா போதும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

சுடுகாடு ஆற்றங்கரையில் இருந்தது. மேலத்தெரு சிமெண்ட் ரோடு நேராக அங்கேதான் போகிறது. ஆனால் காலனிப் பிணம் அந்த ரோட்டில் போனதே இல்லை, வரப்பு வழியாகத்தான் போகும். ரோடு என்னவோ அரசாங்கம் போட்டதுதான். போகக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும்.

தியாகராசன் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எதிர்வீட்டில் பெரியப்பா மகன் கோவிந்தராசு என்ன சொல்வான், தையில் மகள் கல்யாணத்துக்குத் தெருவில் யார் வருவார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது.

"தாசில்தார்ட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்ப்பா."

"சொன்னா போலீஸ் வரும்ங்க. அம்மாவப் போட்டுவச்சுக்கிட்டு சண்டை வேணாம்னுதான் ஒங்ககிட்ட வந்தேன்."

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் அவருக்கே மெய்சிலிர்த்தது.

"வரப்புல ஏன் கஷ்டப்படணும்? என் வயல்ல எறங்கி நேரா போயிடுங்க. மடையத் தெறந்து தண்ணிய வடிச்சு விட்டுடறேன். இப்பதான் நட்ட பயிரு, மிதிபட்டா மிதிபட்டுட்டுப் போவுது. சின்னப்பொண்ணுக்கு மேலயா எனக்குப் பயிரு?"

செந்தில்குமார் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளேயிருந்து மனைவி ஞானாம்பாள் வந்தாள். "ஏங்க, இருந்த வரைக்கும் நம்ம சேத்துலதான் கெடந்தா. போறப்பவுமா?" என்றாள். காது கேட்காதவர் மாதிரி அவர் குடையை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விட்டார்.

தண்ணீர் வடிந்தது, சேறு வடியுமா? பாடை தூக்கியவர்களுக்கு முழங்கால் வரை புதைந்தது. ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து நடந்தார்கள். அதிலும் பயிரை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே இடம் பார்த்துக் காலை வைத்தார்கள். அவர்தான் மிதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாரே! வயலுக்கு அந்தப் பக்கம் மேலத்தெரு ரோடு மழையில் கழுவிவிட்டது மாதிரிக் காலியாகக் கிடந்தது. ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சரிந்து, சின்னப்பொண்ணின் முகத்தில் சேறு அடித்தது. செந்தில்குமார் தன் துண்டால் அதைத் துடைத்தான்.

மடையோரம் குடையோடு நின்றிருந்த தியாகராசன், ரோட்டுக்குத் திருப்புங்கப்பா என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே ரோட்டோரம் கோவிந்தராசு வந்து நின்றான். தியாகராசன் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வெட்கக்கேட்டை அவரே தனக்குச் செய்துகொண்டார், வேறு யாரும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனவர் திகைத்துப்போனார். காலனிப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, அப்படியும் மிதிபட்டுப்போன இடத்திலெல்லாம் புது நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மொட்டையடித்த தலையோடு செந்தில்குமாரும் நின்று நட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு ஒங்கள வரச் சொன்னது? விடுங்கம்மா! செந்திலு, மிதிக்கச் சொன்னதே நான்தானேப்பா!"

"நாங்க கேட்டது ரோடுங்க" என்றான் அவன், குரல் உயராமல். "வயல நாங்க கேக்கல. அத நீங்களே வச்சுக்குங்க."

அடுத்த தடவை நானே முன்னால் நடந்து வருகிறேன் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் இவர்களில் ஒருவர் சாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. குனிந்திருந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி நின்றார்.