ஒன்சைடு பேப்பர்

இரண்டாயிரத்து எட்டில் ஓடைப்பட்டியில் இருந்தது ஒரே ஒரு பிரவுசிங் சென்டர். அதை நடத்திய தங்கப்பாண்டி எச்சில் கையால் காக்கா ஓட்டாத ரகம். ஒரு பக்கம் அச்சாகி வீணான தாளைத் தூரப்போட அவனுக்கு மனசு வராது. பிரிண்டர் பக்கத்தில் அடுக்கி வைத்து, அதன் பின்பக்கத்திலேயே அடுத்த ஆளுக்குக் கல்யாணப் பத்திரிகை புரூஃப் எடுத்துக் கொடுத்துவிடுவான். ஒன்சைடு பேப்பர் என்றால் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்ததும் அவன்தான், பாஸ்வேர்டு எல்லாம் அவன் நோட்டில்தான். மதுரையில் எம்.எஸ்ஸி. படித்த அனுசுயாகூடத் தன்னுடையதை மாற்றாமல் விட்டிருந்தாள். கண்ணாடிக் குழாயில் கிருமியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தோன்றவில்லை.

அவள் திராட்சைத் தோட்டக்காரர் கர்ணனின் மகள். கோயம்புத்தூரில் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூட வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் போடியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பாண்டியராஜன், சொந்த உரக்கடை. இரண்டு வருசம் வேலை பார்த்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றாள் அனுசுயா. கர்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சொசைட்டித் தலைவராக ஐந்து வருசம் இருந்தவர். அந்தப் பதவி போயும் பச்சை மைப் பேனா சட்டைப்பையைவிட்டுப் போகவில்லை. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் ஓரத்தில் ஒரு வரி எழுதி, கீழே 'க' என்று சுழிக்காமல் வைக்க மாட்டார்.

"ஆனி முடியறதுக்குள்ள இன்டர்வியூக் கடுதாசி கையில வரட்டும் ஆத்தா. வரன் பேச்ச அன்னைக்கே நிப்பாட்டிப்புடுறேன். வரலைன்னா நான் சொல்றதக் கேக்கணும்" என்றார்.

அப்பா சொன்ன சொல் மாறமாட்டார். அனுசுயா சரி என்றாள்.

வைகாசிக் கடைசியில் மெயில் வந்தது. விவரம் இணைப்பில் உள்ளது, அச்செடுத்துக் கொண்டு வரவும் என்று இரண்டு வரி. நாள், இடம், நேரம் எல்லாம் அந்த இணைப்புக்குள் இருந்தன. தங்கப்பாண்டியின் கம்ப்யூட்டர் அதைத் திறந்து கட்டம் கட்டமாகக் காட்டியது. பிரிண்ட் கொடுத்தால் பதினோரு பக்கம் வெறும் கட்டங்கள். இது புது வேர்டில் அடித்தது, நம்ம சிஸ்டம் பழசு, தேனியில் நண்பனுடைய லேப்டாப்பில் புதுசு இருக்கிறது, நாளைக்கே எடுத்து வருகிறேன் என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டான். அவளுக்கு உயிர் வந்தது.

மறுநாள் உதட்டைப் பிதுக்கினான். "அங்கயும் தொறக்கலம்மா. ஃபைலே கெட்டுப்போச்சாம். திருப்பி அனுப்பச் சொல்லி ஒன் பேர்ல ஒரு மெயில் போட்டுட்டேன்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. தானே திறந்து பார்ப்போம் என்று பஸ் ஏறிச் சின்னமனூர் போய் வேறொரு சென்டரில் மெயிலைத் திறந்தாள். கம்பெனி மெயிலையே காணோம். கூடப் படித்த சினேகாவின் செல்போனில் நெட் இருந்தது. அதில் போட்டுப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. தெரியாமல் நீயே டெலிட் பண்ணியிருப்பாய், அவசரக் கைதானே உனக்கு என்று தங்கப்பாண்டி ஆறுதல் சொன்னான். அதை அவள் நம்பினாள், அதுதான் கொடுமை. தன் விரலைத் தானே திட்டிக்கொண்டு, மறுபடி அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆனி முழுக்கச் சென்டருக்கு நடந்தாள். ஒவ்வொரு தடவையும் "இன்னும் வரலம்மா" என்பான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆனி முடிந்தது. கர்ணன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. போடிக்காரர்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது.

ஆடி கடைசியில் ஒரு நாள் காலை, பத்திரிகையின் புரூஃபைத் தங்கப்பாண்டியிடம் வாங்கி வந்து மகளிடம் நீட்டினார் கர்ணன். பெயர்களைச் சரிபார்க்கச் சொன்னார். அவள் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. பெரிதாக இருக்க வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஆசை. வேலைக்குப் போகக் கூடாது, பட்டம் மட்டும் பத்திரிகையில் மின்ன வேண்டும். அம்மா பொன்னாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தாள் மெலிசு. பின்பக்க எழுத்து முன்னால் நிழலாடியது. அனுசுயா திருப்பினாள்.

கம்பெனியின் பெயர். அவள் பெயர். ஜூன் முப்பது, காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். ஒரு கட்டம் கிடையாது. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி: 'பார்த்தேன். பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். க.'

தேனியில் ஃபைல் அன்றைக்கே திறந்திருக்கிறது. பொம்பளைப்பிள்ளை பேருக்கு என்ன காகிதம் வந்தாலும் முதலில் தகப்பன் கண்ணில் காட்டுவதுதான் ஊர் வழக்கம். தங்கப்பாண்டி அதைச் செய்திருக்கிறான். நோட்டிலிருந்த பாஸ்வேர்டைப் போட்டு அந்த மெயிலை அழித்து, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அவள் கண்ணில் படுமுன்னே அழித்திருக்கிறான். இதையாவது கிழித்துப் போட்டிருக்கலாம். நல்ல தாளாயிற்றே என்று அடுக்கில் வைத்துவிட்டான் பாவி.

அனுசுயா தாளிலிருந்து நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பொன்னாத்தாள் தலையைத் தூக்கவில்லை. ஆய்ந்து முடித்த காயையே மறுபடி எடுத்து ஆய்ந்தாள். ஆக, அவளுக்கும் தெரியும்.

"பின்னாடி என்னத்தப் பாக்குற? முன்பக்கம் பாரு ஆத்தா" என்றார் கர்ணன்.

"கடுதாசி கையில வரட்டும்னு சொன்னீக" என்றாள் அனுசுயா. "வந்திருச்சுப்பா."

கர்ணன் தாளை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தையும் பார்த்தார். முகம் மாறவில்லை. தங்கப்பாண்டியைக் கூறுகெட்ட பய என்று மட்டும் முனகினார்.

"ஆனி முடிஞ்சு போச்சுல்ல. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

தாளைத் திருப்பித் தொடைமேல் வைத்து மேலிருந்து கீழே தானே வாசித்தார். தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து அதை எழுதினார். ஓரத்தில் 'சரி' என்று போட்டு, கீழே 'க' என்று சுழித்தார்.