ஆறுக்கு நாற்பத்தொன்று

சாக்பீஸால் பல்சக்கரத்தின் ஒரு பல்லில் குறி போட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். கிரீஸ் அப்பிக் கிடந்ததால் பத்துப் பல்லுக்கு ஒருமுறை துணியால் துடைக்க வேண்டியிருந்தது. சுற்றி வந்து குறியைத் தொட்டபோது முப்பத்தொன்பது. அதைச் சுழற்றுகிற சின்னச் சக்கரமான பினியனில் எட்டு. காயலான் கடையில் ஒரு பழைய பஸ்ஸின் அடியிலிருந்து இன்ஜினைக் கழற்றப் போனவர்கள், இந்தப் பல்சக்கரம் இருக்கிற பின் ஆக்சிலையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்திருந்தோம். இன்ஜின் மட்டும் போதும் என்றுதான் நான் சொன்னேன். நெட்டை கேட்கவில்லை.

“எவ்வளவுண்ணே?” என்றான்.

“எட்டுக்கு முப்பத்தொம்பது.”

“நம்ம வண்டியில?”

“உனக்குத் தெரியாதா? ஆறுக்கு நாப்பத்தொண்ணு.”

அவனுக்குத் தெரியும். பதினாறு வருஷமாக அந்த லாரிக்கு அவனே முதலாளி, அவனே டிரைவர். மலை மேல் இருக்கும் குவாரியிலிருந்து கல் இறக்குவது அன்றாட வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை தூரத்து லோடு. ஸ்டியரிங்கில் முட்டி இடிக்கிற உயரம் என்பதால் லாரி ஸ்டாண்டில் வைத்த பெயர் நெட்டை. அதுவே நிலைத்துவிட்டது. தன் வண்டியின் வேகத்தைப் பற்றி அவனே கேலி பேசுவான். “நான் மேடு ஏறும்போது பின்னாடி வர்ற நத்தை ஹாரன் அடிக்குதுண்ணே” என்பான். இன்ஜின் ஏறக்குறைய ஏழு சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. பாரத்தை இழுக்கும், ஓடாது.

அந்தக் கேலியெல்லாம் ஆறு வாரத்துக்கு முந்தையது. அவனுடைய ஒரே மகள், பதினொரு வயசு, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெட்டை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி லோடு இறக்கிக்கொண்டிருந்தான். விடியும் முன்பே அவன் மனைவி போன் செய்து, டாக்டர் உடனே வரச் சொல்கிறார் என்றிருக்கிறாள். காலி வண்டியை எடுத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தபடியே வந்திருக்கிறான். ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கையில், காலை ஒன்பது மணிக்கு, இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. சுற்றிலும் பொட்டல். ஒன்றரை மணி நேரம் கைகாட்டி நின்று, பாதித் தூரம் டிராக்டரிலும் மீதி பால் வேனிலும் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. பதினொன்று இருபதுக்கே குழந்தை போய்விட்டது.

அன்றிலிருந்து அவனுக்கு வேகம் ஒன்றுதான் பேச்சு. முழங்காலிட்டு அமர்ந்து பட்டறைத் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பஸ் இன்ஜின் பலமானது, ஆனால் பழையதைப் போல அலறிக்கொண்டு சுற்றாது. நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்றுக்கு மேல் போகாது. அதனால் பழைய கியர்பாக்ஸும் பழைய ஆக்சிலும் அப்படியே இருந்தால், முன்பு எழுபத்தெட்டில் ஓடிய வண்டி இனி அறுபத்தேழைத் தாண்டாது. பஸ் ஆக்சிலைப் போட்டால் தொண்ணூற்று நாலு.

“அப்புறம் என்ன யோசனை?”

“பஸ்ஸு சமதரையில ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஓடுற வண்டி. நீ கல்லை ஏத்திக்கிட்டு இருபத்திரண்டு வளைவு இறங்குறவன். இறங்கும்போது இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்கணும். இந்த ஆக்சில்ல பிடிக்காது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா நாலாவது வளைவுலயே புகை வந்துடும். அஞ்சாவதுல பிரேக்கே இருக்காது.”

கொட்டகை ஓரத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த ஆறு கியர் பெட்டியைக் காட்டினேன். வேறொரு லாரியிலிருந்து வந்தது. இந்த இன்ஜினோடு சேரும். மேலே, வேகமாக ஓடுவதற்கென்று ஒரு கியர் கூடுதலாக இருக்கும். ஆக்சில் பழையதே இருக்கட்டும், மலையில் கீழ் கியர் பிடிக்கும், சமதரையில் ஆறாவது ஓடும், எண்பத்தாறு வரும் என்றேன்.

“எண்பத்தாறு, தொண்ணூத்தி நாலை விடக் கம்மிதானே?”

“முந்நூறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு நிமிஷம்தான்டா வித்தியாசம்.”

அவன் என்னைப் பார்த்தான். “பதினெட்டு நிமிஷம் உங்களுக்குச் சின்னதா தெரியுதாண்ணே?”

தரையில் இருந்த கணக்கைக் காலால் அழித்தேன். பஸ் ஆக்சிலையே மாட்டச் சொல்லிவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

அவனிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ஜாம் ஆன இன்ஜினை இழுத்து வந்து, அடியில் இருக்கும் சம்ப் என்கிற எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிய அன்று, கறுத்த எண்ணெய்க்குள் விரல் விட்டுத் துழாவியபோது ஒரு போல்ட் கையில் தட்டியது. ஆயில் பம்ப் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று. ஆறு மாதம் முன்பு ஒழுகலுக்காக அதே தொட்டியைக் கழற்றி மாட்டியவன் நான். அந்தப் போல்ட் கழலாமல் இருக்க அதன் அடியில் ஒரு தகடு உண்டு. இறுக்கியபின் அதன் காதைச் சுத்தியால் மடக்கிவிட வேண்டும். மடக்க எவ்வளவு நேரமாகும், ஒரு தட்டு. ஒன்றை மடக்கியிருந்தேன். இன்னொன்றை மடக்கவில்லை. அப்போது யார் கூப்பிட்டார்கள், எதற்கு எழுந்தேன் என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. போல்ட் அதிர்ந்து அதிர்ந்து கழன்று, குழாய் வாயைத் திறந்து, பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அந்தப் போல்ட்டை இரும்புக் கழிவு டிரம்மில் போட்டேன். மறுநாளே டிரம்மைக் காலி செய்து அனுப்பிவிட்டேன்.

சாக்குப் போக்கு எனக்கும் சில கிடைத்தன. எண்ணெய் ஏறாவிட்டால் எரியும் சிவப்பு விளக்கு எதிரே எரிந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை என்று அவனே சொல்லியிருந்தான். நிறுத்தியிருந்தால் இன்ஜின் பிழைத்திருக்கும். ஆனால் நிறுத்தியிருந்தாலும் அவன் அதே பொட்டலில்தான் நின்றிருப்பான். ஒவ்வொரு சமாதானமும் இப்படி இரண்டடி நடந்து உட்கார்ந்துவிடும். “அளவுக்கு மீறி விரட்டி இன்ஜினை நானே கொன்னுட்டேன், இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் வேகம் இருந்திருந்தா விரட்ட வேண்டியே இருந்திருக்காது” என்று அவன் சொல்லும்போதெல்லாம் நான் எதையாவது கழுவிக்கொண்டிருப்பேன். என் மனைவிகூடக் கேட்டாள், “என்ன, இப்பல்லாம் தட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுறீங்க? அதுல என்ன சினிமாவா ஓடுது?”

நெட்டை கிளம்பிப் போன அன்று மதியமே அவன் மனைவி வந்தாள். பட்டறைக்குள் அவள் வந்ததே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய்த் தரையில் வெறுங்காலோடு வந்தாள்.

“செருப்பைப் போட்டுக்கம்மா, இரும்புத் தூள் குத்தும்.”

அவள் காதில் விழவில்லை. “அண்ணே, அந்த பஸ் சாமானைப் போட்டா மலையில வண்டி நிக்காதாமே? நீங்க சொன்னீங்கன்னு அவரே சொல்றாரு. ஏதோ மழை வரும்னு சொல்ற மாதிரி சொல்றாரு.”

“நானும் சொல்லிப் பார்த்துட்டேன்.”

“பழசையே மாட்டிடுங்க. அவருக்குத் தெரியவா போகுது?”

“முதல் கியர் போட்டு கிளட்சை விட்டதுமே தெரிஞ்சுடும்மா.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. இன்ஜின் மேல் கை வைத்து நின்றாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள். “தினமும் ஒரு தடவையாவது கேட்டுடுறாரு, என்னைத் தேடினாளான்னு. விடிகாலையிலேர்ந்தே கண்ணு திறக்கலைன்னு சொல்லிட்டேன். வேற என்னண்ணே சொல்றது? பத்தரை வரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்தா. மாடி வார்டுல படுத்துக்கிட்டே, கீழ தெருவுல எந்த வண்டி போனாலும், ‘அம்மா, இது அப்பா வண்டிச் சத்தமா?’ன்னு கேட்டா. நான் ஆமா ஆமான்னேன். கடைசியில, ‘அப்ப ஏன் இன்னும் மேல வரலை?’ன்னா.”

அவள் கையை எடுத்தாள். உள்ளங்கையில் கறுப்பு. கொடுத்த துணியில் துடைத்துக்கொண்டு, “அவருகிட்ட சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பதிலிருந்து பத்தரை. நாற்பது கிலோமீட்டரை எந்த ஆக்சில் போட்டாலும் முக்கால் மணியில் ஓடிவிடலாம்.

மறுநாள் காலை நெட்டை வரும்போது லாரியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தேன். “ஆரம்பிச்சிடலாம்ணே” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தான். அவன் முகம் தெரியவில்லை; கால்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“நெட்டை, இன்ஜின் வேகத்தால போகலை.”

ஸ்பேனர் சத்தம் நின்றது.

“ஆறு மாசம் முன்னாடி நான் சம்ப் கழட்டினேன்ல, அப்ப ஆயில் குழாய் போல்ட்ல ஒண்ணுக்குத் தகட்டை மடக்காம விட்டுட்டேன். அது கழண்டு உள்ளயே கிடந்தது. நீ அன்னிக்கு அம்பதுல வந்திருந்தாலும் நின்னிருக்கும். உன் மேல தப்பில்லை, வண்டி மேலயும் இல்லை. வேகம் பத்தாததால இல்லடா. போல்ட்டு.”

கால்கள் அசையவில்லை. அடியிலிருந்து குரல் வந்தது.

“எப்ப பார்த்தீங்க?”

“கழட்டின அன்னிக்கே.”

“அஞ்சு வாரம்.”

“ம்.”

“போல்ட் சரியா இருந்திருந்தா?”

பொய் சொல்ல அங்கே இடம் இருந்தது. வேறு ஏதாவது உடைந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். “பத்து மணிக்கு முன்னாடியே வந்திருப்பே” என்றேன்.

அவன் ஊர்ந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். தலையில் தூசி. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் என்னை ஒரு சாட்சியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“வந்திருந்தாலும்… அவ விடிகாலையிலேர்ந்து கண்ணே திறக்கலையாமே?”

“ஆமா” என்றேன். “எங்க வீட்லயும் அன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாளே. அவளும் அதான் சொன்னா.”

தலையை ஆட்டினான். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான், நகக்கண் வரைக்கும். துணியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான்.

நான்கு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் அவன் மனைவிதான் போன் செய்தாள். “பழைய ஆக்சிலே இருக்கட்டுமாம். அந்த ஆறு கியர் பெட்டியைப் போடச் சொன்னாரு. என்னண்ணே நடந்துச்சு? வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கறாரு. ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லம்மா.”

அவளிடம் அவன் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

தனியாகவே எல்லாவற்றையும் மாட்டினேன். புதுப் பெட்டி நீளம் அதிகம். பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போகிற புரொப்பெல்லர் தண்டை நாலு விரற்கடை வெட்டிச் சுருக்கி, லேத்தில் கொடுத்து ஆட்டமில்லாமல் சரிசெய்து வாங்கி வந்தேன். புது இன்ஜினின் முறுக்கைப் பழைய ஆக்சில் தாங்குமா என்று சந்தேகமாக இருந்ததால், உள்ளே இருக்கும் இரண்டு தண்டையும் உருவி, வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தகட்டையும் மடக்கினேன். மடக்கியதைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தும் தொட்டுப் பார்த்தேன்.

வண்டி தயார் என்று சொல்லி அனுப்பியதும் நெட்டை வந்தான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பாரம் ஏத்திப் பார்க்கணும். ஏறுங்க” என்றான். “அண்ணே” வரவில்லை.

குவாரி வரை இன்ஜின் மூடியின் சூடு கணுக்காலில் ஏறியது. கல்லை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து சாலைக்கு ஏறும் செங்குத்தான சரிவில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினான். முதல் கியரைப் போட்டு கிளட்சை மெதுவாக விட்டான். லாரி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. வேறொரு நாளாக இருந்தால் என் தொடையில் தட்டியிருப்பான்.

மேலே, இறக்கம் தொடங்குகிற இடத்தில், ஓரமாக நிறுத்தினான்.

“இறங்கிக்குங்க.”

“கீழ வரைக்கும் வர்றேன். பிரேக் எப்படின்னு பார்க்க வேணாமா?”

“வேண்டாம். நான் பார்த்துக்கிறேன்.”

முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இறங்கி, கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லையோ என்று மறுபடி திறந்து சாத்தினேன்.

வண்டி நகர்ந்தது. சாலை ஓரத்துக் கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தேன். முதல் வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கிற சத்தம் கேட்டது. இன்ஜின் கனத்த குரலில் உறுமிக்கொண்டு பாரத்தைப் பிடித்தது. வளைவில் மறைந்து, கீழே அடுத்த மடிப்பில் இன்னும் சின்னதாக வெளியே வந்தது. பிறகு அதற்கும் கீழே. ஒவ்வொரு முறையும் அதன் பின்விளக்குகளைப் பார்த்தேன். சிவப்பு எரியவில்லை. பிரேக்கைத் தொடாமலேயே போய்க்கொண்டிருந்தான், நடக்கிற ஆளின் வேகத்தில், கல் பாரத்தோடு. ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்து அவனை முந்திக்கொண்டு போனது. பத்தாவது வளைவுக்குக் கீழே மரங்கள் அடர்ந்துவிட்டன. அப்புறம் சத்தம் மட்டும்தான். காற்று திரும்பியபோது அதுவும் விட்டு விட்டுக் கேட்டது. மரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் சாலை ஒரு துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதையே பார்த்தபடி கல்லின் மேல் நின்றிருந்தேன்.